குவாங் அண்ணன் தண்ணீரில் இறங்கினார்

குவாங் ஷிபிங் தம் வேலைக் காலம் முழுவதையும் யாங்சி ஆற்றின் மேலேயே கழித்தவர். வூஹானில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடும் பயணிகள் படகில் டிக்கெட் கிழிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஆற்றை விடவில்லை. ஹான்கோ கரைப் பூங்காவுக்குக் காலையில் நீந்தப் போவோம் நாங்கள் சிலர். எங்களுக்கு முன்பே அவர் வந்து, தேநீர்க் குடுவையோடு கற்படியில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் கழற்றிப் போடும் உடுப்புகளுக்கு அவர்தான் காவல். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, சரக்குக் கப்பல் வந்தால் எவ்வளவு ஒதுங்க வேண்டும், குளிர்காலத்தில் கரையேறியதும் முதலில் எதைத் துடைக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருந்தார். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

ஆனால் அவர் மட்டும் இறங்கமாட்டார். காதில் கோளாறாம், தண்ணீரே படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எந்தக் காது என்று கேட்டால் ஒருநாள் இடது காதைத் தொடுவார், இன்னொரு நாள் வலது காதை. யாரும் தோண்டித் துருவவில்லை. உடுப்பைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு ஆள் வேண்டுமே.

நான் அவர்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருப்பவள். வசந்தகாலத்தில் ஒருநாள் அவர் மனைவி ரோங்சியா ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையோடு ஏறி வந்து, கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு நீச்சல் கத்துக்குடு தங்கச்சி. அவருக்குத் தெரிய வேணாம்.”

“தெரிஞ்சா என்ன அண்ணி?”

“தெரிஞ்சா அவரே கத்துக்குடுக்க வந்துடுவாரு.”

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஆற்றங்கரைக்குப் போனால் அவர் இருப்பார் என்பதால் கிழக்கு ஏரிக்குப் பேருந்து ஏறினோம். அங்கே ஏரிக்கரைப் பூங்காவில் பெண்கள் கூட்டமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அண்ணி சொன்ன சாக்கு, தாமும் அவர்களோடு ஆடப் போவதாக. அறுபது வயதைத் தாண்டியவர் இப்படிச் சீக்கிரம் கற்றுக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. கோடை தொடங்குவதற்குள் இடுப்பில் கட்டிய ஆரஞ்சு மிதவை சும்மா பின்னால் வந்துகொண்டிருந்தது; அவர் தவளைபோல் கைகால் விரித்துத் தாமரைக் கூட்டத்தைச் சுற்றி வந்தார்.

வீட்டில் குவாங் அண்ணனுக்குத்தான் நிம்மதி போயிற்று. ஆடிவிட்டு வரும் மனைவிக்குத் தலைமுடி ஈரம். வியர்வை என்கிறாள். சாப்பாடு இரட்டிப்பாகிவிட்டது. பாத்திரம் கழுவும்போது வாயில் ஏதோ பாட்டு. மாடிப்படியில் என்னை நிறுத்தி, அந்த ஆட்டத்தில் ஆம்பிளைகளும் உண்டா என்று, ஊர் நிலவரம் கேட்பதுபோல் விசாரித்தார். எனக்கு ஆடத் தெரியாது என்று உண்மையைச் சொல்லித் தப்பித்தேன்.

அடுத்த முறை நாங்கள் போனபோது அவரும் பின்னாலேயே அடுத்த பேருந்தில் வந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி, காதுவரை இழுத்துவிட்ட தொப்பி. ஆடும் கூட்டத்தில் மனைவியைத் தேடினார், காணவில்லை. வில்லோ மரத்துக்குப் பின்னால் ஒளிந்தபடி எட்டிப் பார்த்தவர், ஏரி நடுவில் ஆரஞ்சு மிதவையும் அதன் முன்னால் தெரிந்த முகத்தையும் கண்டார். நன்றாகப் பார்க்க ஓர் அடி முன்வைத்தார். அந்தக் கல்லில் பாசி.

விழுந்த சத்தம் கேட்டு நான் திரும்பினேன். கறுப்புக் கண்ணாடி ஒரு பக்கமும் தொப்பி ஒரு பக்கமுமாக மிதந்தன. நடுவில் குவாங் அண்ணன் இரண்டு கையாலும் ஏரியை அடித்துக்கொண்டிருந்தார். அண்ணி பதறவில்லை. அதே தவளை நீச்சலில் நிதானமாக வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார் அண்ணன்.

“ஏங்க, எந்திரிச்சு நில்லுங்க.”

“முடியல…”

“காலை ஊனுங்க. இடுப்பளவு தண்ணிதான்.”

நின்றார். உண்மையில் இடுப்புக்கும் கீழேதான் இருந்தது. தூண்டில் போட்டிருந்த ஒருவர், மீனெல்லாம் ஓடிப்போயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே வேறு இடம் பார்த்துப் போனார்.

மரத்தடி பெஞ்சில் மனைவியின் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார் அண்ணன். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: “காலமெல்லாம் ஆத்து மேலயே பொழைச்சவன், தண்ணின்னா பயம்னு யாருகிட்டப் போய்ச் சொல்ல?”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால இதே ஏரியில படகுல போனோமே, துடுப்புப் போட்டது யாரு?”

“நீதான்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“விளிம்பைப் புடிச்சிக்கிட்டிருந்தேன்.”

“ரெண்டு கையாலயும். அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“அப்புறம் எதுக்கு என்னைக் கட்டிக்கிட்ட?”

“கேட்டதும் துடுப்பைக் குடுத்துட்டீங்களே, அதுக்குத்தான்.”

அதன்பிறகு கொஞ்ச நாள் அவர் ஆற்றங்கரைக்கு வரவில்லை. காவல் இல்லாத உடுப்புக் குவியலிலிருந்து ஒரு நாய் என் கால்சட்டையைக் கவ்விக்கொண்டு பூங்கா முழுவதும் சுற்றியது. அவருடைய அருமை எல்லாருக்கும் புரிந்தது. திரும்பி வந்த அன்று, தேநீர்க் குடுவையைத் திறக்காமலேயே, தம் காதுக்கு ஒன்றுமில்லை, பயம்தான் காரணம் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். யாரும் அதிர்ச்சி அடையவில்லை என்பது அவருக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. போகப் போக ஏரியில் அண்ணி பிடித்துக்கொள்ள, காலை உதைக்கப் பழகினார். ஆழம் மார்புக்கு மேல் போனால் மட்டும் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

ஜூலையில், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியும் எங்களோடு யாங்சியைக் கடந்தார். எதிரே, ஆற்றின் மேல்பக்கமுள்ள வூச்சாங் கரையில் இறங்கி, நீரோட்டத்தோடு சாய்ந்து வந்து, ஹான்கோவில் ஏற வேண்டும். நடு ஆற்றில் பழுப்பு நீர் தோளைப் பிடித்துத் தள்ளியது. அண்ணி கரையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

படிகள் தெரிந்தபோது அங்கே ஒருவர் தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்தேன். சட்டை, பேண்ட், செருப்பு எல்லாம் போட்டபடி, மார்பளவு ஆற்றில், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார் குவாங் அண்ணன். கப்பல் அலை வந்து முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டார், பின்வாங்கவில்லை.

அண்ணி போய் அந்தக் கைகளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு படியேறினார்கள். யார் யாரைக் கரை சேர்த்தார்கள் என்று பின்னால் வந்த எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.