வாயசைத்துப் படித்த பட்டம்

ஐந்து பெண்களில் கடைசியாகப் பிறந்ததால் அவளுக்குப் பாப்பா என்றே பெயர் நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அக்காமார் நால்வருக்கும் அவள் பாப்பாதான். கட்டிக்கொண்டவரும் ஒரே வாரத்தில் அந்தப் பெயருக்கே வந்துசேர்ந்தார். அவளை 'மேடம்' என்று கூப்பிடுகிற ஒரே இடம் அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி. அதுவும் பல்வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், 'அடுத்து என்னைக் கூப்பிடுங்க மேடம்' என்று கெஞ்சும்போது.

வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து அப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. மலை மாதிரி இருக்கிற ஆள், ஊசி என்றதும் முகம் வெளிறி வாசலைப் பார்க்கிறார். அவர் மடியில் இருக்கிற பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறது. இது ஏன் என்று யாரைக் கேட்பது? ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகள்தான் ஒரு நாள் போனில், "ஏம்மா, இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, உளவியல். வீட்டுல இருந்தே ஆன்லைன்ல படிக்கலாம். நீதான் பாதியில விட்டவளாச்சே, சேர்ந்துடு" என்றாள்.

பாதியில் விட்டது உண்மைதான். அக்காமார் எல்லோரும் புகுந்த வீடு போன பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். பார்த்துக்கொள்ளப் பாப்பாதான் இருந்தாள். கல்லூரி இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. அதை அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஆனால் எந்த விண்ணப்பத்திலும் 'படிப்பு' என்ற இடத்துக்கு வரும்போது பேனா கொஞ்சம் தயங்கும்.

சேர்ந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும், இனிமேல் தான் மனசில் நினைப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று கவலைப்பட்டார். அதற்குப் படிக்கவே வேண்டியதில்லை என்று பாப்பா சொல்லிவிட்டாள்.

வகுப்பறை என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. பஸ்ஸில் ஒரு காதில் பாடம், இன்னொரு காதில் கண்டக்டர். சமையலறையில் மாவு டப்பாவுக்குச் சாய்த்து வைத்த போனில் பேராசிரியர் நினைவாற்றலைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். இவள் உப்புப் போட்டோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருப்பாள். கூடப் படித்தவர்கள் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். பாதிப் பேருக்கு முகம்கூடக் கிடையாது, பெயரின் முதல் எழுத்து மட்டும்தான். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் சிக்னல் கிடைத்தபோதெல்லாம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்து, விட்டுப்போன பாடத்தையெல்லாம் மூச்சுவிடாமல் கேட்டுவிட்டுக் காணாமல் போவார். அவருக்குக் 'கப்பல்காரர்' என்று பெயர் வைத்ததே பாப்பாதான்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. கடைசிப் பேப்பர் புள்ளியியல். கணக்கென்றாலே பாப்பாவுக்குப் பயம்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமராவும் மைக்கும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஆரம்பிக்கும் முன் லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும், மேஜைக்கு அடியையும் காட்டச் சொன்னார்கள். வீட்டுக்காரர் அன்று லீவு போட்டிருந்தார். அழைப்பு மணியின் வயரைக் கழற்றிவிட்டு, கூரியர் பையன் வந்தால்கூடத் தட்டக்கூடாது என்று வாசலிலேயே காவல் நின்றார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். பாதித் தேர்வில் பாசம் பொங்கிவிட்டது. அறைக் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டார். பாப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

முடிவு வந்த அன்று குழுவில் எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பல்காரர்கூட நடுக்கடலிலிருந்து தேறியிருந்தார். பாப்பாவின் பெயருக்கு நேரே மட்டும், முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. கூடவே ஒரு மெயில். தேர்வு நேரம் முழுக்க அவள் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததாகவும், அறைக்கு வெளியே ஆண் குரல் கேட்டதாகவும் சந்தேகம். விசாரணைக் குழு முன் வீடியோவில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

பாப்பா மெயிலை இன்னொரு தடவை படித்தாள். ஆண் குரல் சரி, அது யாரென்று தெரியும். தேர்வு முழுக்கப் பேசினேனா? வாயே திறக்கவில்லையே. மெயிலோடு அனுப்பியிருந்த வீடியோத் துண்டைப் போட்டுப் பார்த்தாள். திரையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய உதடுகள் நிற்காமல் அசைந்துகொண்டிருக்கின்றன. சத்தம் இல்லை. ஆனால் பார்க்கிற யாரும், எதிரே இருக்கிற ஆளிடம் கிசுகிசுக்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.

மகளுக்குப் போன் போட்டாள். மகள் வீடியோவைப் பார்த்துவிட்டு, இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரிப் பேசினாள். "நீ எப்பவுமே வாயசைச்சுத்தானேம்மா படிப்ப. மருந்துச் சீட்டைப் படிச்சாக்கூட அப்படித்தான்."

வீட்டுக்காரரிடம் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் என்று அவரும் தலையாட்டினார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே" என்றாள் பாப்பா.

அடுத்து வந்த நாட்களில் அவளைவிட அவர்தான் அதிகமாக வாடினார். சாப்பாடு இறங்கவில்லை. டிவியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார். விசாரணைக்கு முதல்நாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பக்கத்து வீட்டு டிவி சத்தம்னு சொல்லிடு பாப்பா. யாருக்குத் தெரியப்போகுது."

"எனக்குத் தெரியுமே" என்றாள் அவள். "செய்யாத தப்புக்குத்தான் இப்ப போய் நிக்கப்போறேன். பொய் சொன்னா நிஜமாவே ஒரு தப்பு சேர்ந்துடும். நடந்ததைச் சொல்றேன். போனாப் போகட்டும்."

போனாப் போகட்டும் என்று வாய்தான் சொன்னது. மறுநாள் காலை ஒரு மணி நேரம் முன்னதாகவே லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட தலைவர், ஒரு பக்கம் கணினிப் பிரிவு இளைஞன், இன்னொரு பக்கம் பருத்திப் புடவையில் ஒரு பேராசிரியை. தலைவர் குற்றச்சாட்டைப் படித்தார். பாப்பா நடந்ததைச் சொன்னாள்: படிக்கும்போது தன் உதடு அசையும் என்பது தனக்கே இப்போதுதான் தெரியும் என்று. சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டிச் சாக்காகக் கேட்கிறது என்று அவளுக்கே தோன்றியது.

பேராசிரியை ஒரு பக்கத்தைத் திரையில் போட்டு, மனசுக்குள் படிக்கச் சொன்னார். பாப்பா முதலில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு படித்துப் பார்த்தாள். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் நடப்பது நடக்கட்டும் என்று இறுக்கத்தை விட்டாள். உதடு அதன்பாட்டுக்கு அசைய ஆரம்பித்தது, பக்கமும் புரிய ஆரம்பித்தது. படித்து முடித்ததும் பேராசிரியை அதைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள்.

"தேர்வு வீடியோவைக் கேள்வித்தாளோட வச்சுப் பார்த்தேன்" என்றார் பேராசிரியை, தலைவர் பக்கம் திரும்பி. "புதுக் கேள்வி வரும்போதெல்லாம் வாய் அசையுது. கணக்குப் போடும்போது நின்னுடுது. யார்கிட்டயாவது பேசினா பதில் கேக்குறதுக்காவது நடுவுல நிறுத்தணுமில்ல, கேள்வி முடியுறவரைக்கும் வாய் நிக்கவே இல்லை. இவங்க கேள்வியைப் படிச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

தலைவர் விடவில்லை. அந்த ஆண் குரல் யாருடையது என்றார்.

"என் வீட்டுக்காரர் சார். தண்ணி வேணுமான்னு கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. ஆனா கேட்டார்."

அவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார் தலைவர். கேட்டு வாய் மூடவில்லை, கதவு திறந்தது. தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, அவர் விடிந்ததிலிருந்தே வெளியே தயாராக நின்றிருக்கிறார். குனிந்து கேமராவுக்குள் முகத்தை நீட்டினார்.

"நான்தான் சார் கேட்டேன். அது ஒண்ணுதான் கேட்டேன். அவ படிக்கிறதுல சொல்லிக் கொடுக்குற அளவுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது சார். புள்ளியியல்னா என்னன்னே எனக்கு இன்னும் சரியாப் பிடிபடலை."

இளைஞன் சிரிப்பை மறைக்க மேஜைக்கடியில் எதையோ தேடினான். தலைவரின் முகம் மட்டும் அப்படியே இருந்தது. முடிவை மெயிலில் தெரிவிப்போம் என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டார்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம் அந்த மெயில் வந்தது. குற்றச்சாட்டு நீக்கப்பட்டது, கடைசிப் பேப்பரில் தேர்ச்சி, பட்டம் பெறத் தகுதி. பாப்பா எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. திறந்திருந்த சிகிச்சை அறைக்குள் போய், நோயாளிகளின் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

கை கழுவிக்கொண்டு திரும்பிய டாக்டரம்மா திகைத்துப்போனார். எந்தப் பல் என்று கேட்டார். பாப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போனை நீட்டினாள். டாக்டரம்மா படித்துவிட்டு, அவள் தோளில் ஈரக் கையை வைத்து அழுத்தினார். பிறகு விளக்கைப் போட்டார்.

"உக்காந்ததுதான் உக்காந்தீங்க, வாயைத் திறங்க, பாத்துடுவோம்."

ஒரு கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தது. அதைக் கேட்டுக்கூடப் பாப்பாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டபோது அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக் கூண்டின் தலையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். வேலை நடக்கிறது, வைத்துவிடு என்று மட்டும் அவர் சொன்னார். சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார். மூக்கு அடைத்த குரலில், அங்கே ஒரே தூசி என்றார்.

அன்று ராத்திரி அவர் ஒரு தட்டுச் சோற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இன்னொரு தரமும் போட்டுக்கொண்டார். அக்காமார் ஒவ்வொருவராகப் போனில் வந்தார்கள். பெரிய அக்கா மட்டும், இனிமேல் உன்னை எப்படிப் பாப்பா என்று கூப்பிடுவது என்று கேட்டுவிட்டு, பேச்சை முடிக்கும்போது, "சரி பாப்பா, வச்சிடறேன்" என்றாள். பாப்பா போனை ஓரமாக வைத்தாள். பாத்திரம் அப்படியே கிடக்க, கூடத்துச் சோபாவில் சும்மா கொஞ்சம் சாய்ந்தவள் அங்கேயே தூங்கிப்போனாள். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பாத்திரங்களைத் தேய்க்கப் போனார்.