பிரண்டை கேட்டு வந்தவர்

எங்கள் வீட்டு வேலியில் பிரண்டை ஏறியதற்குக் காரணம் அம்மாவின் மணிக்கட்டு. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வழுக்கி விழுந்து அம்மா மாவுக்கட்டோடு வந்த அன்று, எலும்பு கூடுவதற்குப் பிரண்டையைப் போல வராது என்று தெருவே திரண்டு வந்து சொன்னது. அப்பா எங்கிருந்தோ ஒரு முழக் கொடியைக் கொண்டுவந்து வேலியோரம் ஊன்றினார். அம்மாவின் கை கூடியது மாவுக்கட்டினாலா, துவையலினாலா என்று பிறகு யாரும் விசாரிக்கவில்லை. கட்டு அவிழ்ந்தது, பிரண்டை மட்டும் நின்றுவிட்டது.

சும்மா நிற்கவில்லை. நாரணாபுரத்து வெயிலில் மற்ற செடிகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்க, அது வேலிமுள்ளை மூடி, துணிக்கொடியைப் பிடித்து, கேபிள் வயரிலும் தொற்றப் பார்த்தது. அதைக் கழித்துவிடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு தடுமாறும், பிரண்டை தடுமாறாது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாமல் அதைத் தொடக் கூடாது. கொழுந்து துவையலுக்கு. நாரை உரித்து, எண்ணெயில் சுருள வதக்கி, புளியைத் தாராளமாக வைத்து அரைக்க வேண்டும். இல்லையென்றால் தொண்டை அரித்துவிடும். முற்றின தண்டு ஊன்றுவதற்கு. கணுவுக்குக் கணு வெட்டி, நிழலில் போட்டு வைத்து ஊன்றினால் தானாக வேர்விடும். பாறையில் வீசி எறிந்தாலும் பிழைத்துக்கொள்ளும் ஜாதி அது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்திருக்கும் நாட்களில்தான் எங்கள் பக்கம் பெண் பார்க்கக் கிளம்புவார்கள். வந்தவர்கள் கேசரியும் வடையும் சாப்பிட்டு, அத்தையை நடக்கச் சொல்லிப் பார்த்து, “சொல்லி விடுறோம்” என்று வேன் ஏறுவார்கள். சொல்லி விடமாட்டார்கள்.

அந்த வருஷம் ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை சிவகாசியில் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். அத்தை அம்மாவிடம் போய், “மதினி, இந்தத் தடவை தேங்காச் சட்னி வேண்டாம். வடைக்கு நானே பிரண்டைத் துவையல் அரைக்கிறேன்” என்றார். அவரே அடுப்படிக்கு வந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம்.

அத்தை வேலியில் முற்றின தண்டாகப் பார்த்து ஒடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்தை, அது ஊண்டுற தண்டு.”

“தெரியும்.”

நார் உரிக்கவில்லை. வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி இறக்கிவிட்டார்.

“புளி?”

“அம்புட்டும் போட்டாச்சு. நீ போயி விளையாடு.”

புளி டப்பா மூடினபடியே இருந்தது. மறந்துவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனைக்குட்டத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் வடையிலேயே மாப்பிள்ளையின் பெரியப்பா இருமத் தொடங்கினார். மாப்பிள்ளையின் சித்தி தண்ணீர்ச் செம்பைத் தேடினார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தை மட்டும் கதவோரம் நின்று, அடுத்து யார் இருமப்போகிறார்கள் என்று பார்ப்பது போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையும் தின்றார். கண்ணில் தண்ணீர் கோத்தது. தட்டிலிருந்து நிமிர்ந்து நேரே அத்தையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, “துவையல் நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் வைங்க” என்றார். குரல் பாதிதான் வந்தது.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். இன்னும் கொஞ்சம் வைத்தது நான்தான்.

வழக்கம் போல “சொல்லி விடுறோம்” என்று எல்லாரும் எழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வேலிப் பக்கம் வந்து, “பாப்பா, எங்க வீட்டுல ஊண்ட ஒரு கொடி குடுப்பியா?” என்று கேட்டார். என்னிடம் அதுவரை யாரும் எதையும் மரியாதையாகக் கேட்டதில்லை. நல்ல தண்டாக வெட்டி, ஊன்றும் முறை முழுவதையும் சொல்லி, திருப்பிச் சொல்லவும் சொன்னேன். சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மணி கேட்டது. அவர்தான்.

“பாப்பா, பட்டுப்போச்சு.”

“பிரண்டையா? எம்புட்டுத் தண்ணி ஊத்துனீக?”

“ரெண்டு வாளி.”

“ரெண்டு வாளியா! அழுகாம என்ன செய்யும்?”

தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டார். வேறு கொடி கொடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறு, கோழி கிளறிவிட்டது என்று வந்தார். பிறகு எறும்பு அரித்தது. பிறகு தலைகீழாக ஊன்றிவிட்டாராம். நான் தண்டு வெட்டி முடிக்கும்வரை அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் நிற்பார். அவர்கள் இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசிக்கொள்வார்கள். நான் வேலையில் மும்முரமாக இருப்பேன். இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஒரு பெரிய மனுஷருக்குப் பிரண்டை வரவில்லையே என்று பள்ளிக்கூடத்தில்கூட அதே கவலை. கடைசியில் ஒரு தகர டப்பாவில் நானே ஊன்றி, வேர்விட வைத்துக் கொடுத்தேன். அதுவும் பட்டுப்போனது.

தை பிறந்ததும் ஆனைக்குட்டத்திலிருந்து பூ வைக்க வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். தட்டுகளில் பழமும் பூவும் சேலையும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டியும் இறக்கிவிட்டும் நடந்துகொண்டிருந்தார். பெரியவர் ஒருவர், “எல்லாருக்கும் சம்மதந்தான?” என்று சபையைக் கேட்டார். எல்லாரும் என்றால் நானும்தான். என் அத்தை விஷயம். பேசாமல் இருந்தால் எப்படி?

“அப்பா, அத்தைய இந்த மாமாவுக்குக் குடுக்க வேண்டாம்” என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

“இவுக கையில எதக் குடுத்தாலும் பட்டுப்போகுது. பிரண்டையே பட்டுப்போச்சு. வாரா வாரம் வேற கொடி கேட்டு வாராக. அத்தைய எப்படிப் பாத்துக்கிடுவாக?”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவருடைய அம்மா, கட்டையான குரல் உள்ளவர், மகன் பக்கம் திரும்பினார்.

“ஏலே, பிரண்டையா பட்டுப்போச்சு? வீட்டச் சுத்தி வேலி பூரா பிரண்டைதானலே கெடக்கு! கக்கூஸ் கதவத் தொறக்க முடியல. எங்கன இருந்துலே இம்புட்டையும் கொண்டார்றன்னு கேட்டா, ‘ரோட்டோரம் கெடந்துச்சு’ன்னு சொன்ன?”

அன்றைக்குத் துவையல் தின்று இருமிய பெரியப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்பா தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்திருந்தன.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடினேன். புதுச் சேலையில் அத்தை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“அத்தை, அம்புட்டும் பொய்யி! ஒண்ணுகூடப் பட்டுப்போகல!”

“ஆமா” என்றார் அத்தை. “பெரிய பொய்யன்.”

அத்தையே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? நான் சபைக்குத் திரும்பி வந்து, “அத்தையும் சொல்லிட்டாக, பெரிய பொய்யனாம். தட்டத் தூக்கிட்டுப் போகலாம்” என்று அறிவித்தேன்.

அதற்கு முன்பு சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளையும் இந்தத் தடவை நிமிர்ந்து, அடுப்படிக் கதவைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். யாரோ என் கையில் ஒரு கிண்ணம் கேசரியைத் திணித்தார்கள். பொய் சொன்னவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அவருக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். முந்திரியைப் பொறுக்கித் தின்றபடி நான் யோசித்துப் பார்த்தேன். அங்கே இருந்த பெரியவர்களில் ஒருவருக்குக்கூட தோட்ட வேலை பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் முடிவுக்கு வர முடிந்தது.