சாமி மாடத்துக் கார் சாவி

காருக்குள் சாவி படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு மின்னியதைத்தான் முதலில் பார்த்தேன்.

தோட்டத்தில் சித்தப்பா சாவியைத் தொலைத்துவிட்டார். இன்று காலை சாவிக்காரர் வந்து புதிதாக வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது, கார் கிளம்பவில்லை. சித்தப்பா மகள் அக்காவுக்குப் பெரியகுளம் கல்லூரியில் இன்று அட்மிஷன்.

"அசல் சாவிக்குள்ள சிப் இருக்கும்ண்ணே. அது இருந்தாத்தான் இஞ்சின் ஓடும். திருட்டுக்குப் பயந்து அப்படி வச்சிருக்காக. ரெண்டாவது சாவி எங்கன?" என்று கேட்டார் சாவிக்காரர்.

அப்போதுதான் சித்தி சாமி மாடத்துக்கு ஓடினார். கார் வாங்கியதிலிருந்து அந்த இரண்டாவது சாவி அங்கேதான் இருக்கிறது. வெள்ளிதோறும் விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பார். அதைச் சாவி என்றே எல்லோரும் மறந்திருந்தோம்.

சாவியில் இருந்த பட்டனை அழுத்திப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

"அடியே, குளிப்பாட்டியே கொன்னுட்டியேடி!" என்றார் சித்தப்பா. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பட்டனுக்குத்தான் பேட்டரி. சிப்புக்கு அது வேணாம். போட்டுத் திருகுங்கண்ணே," என்றார் சாவிக்காரர்.

கிளம்பிவிட்டது.

"சாமிகிட்ட இருந்த சாவில்ல!" என்றார் சித்தி, காரில் ஏறிக்கொண்டே.

அவர்கள் போனதும், சிப் இல்லாத புதுச் சாவிக்குப் பொட்டு வைத்து மாடத்தில் வைத்தேன்.