போஸ்டருக்கு ஒரு போட்டோ

என் கணவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த வாரம் அது. சென்னையில் வளர்ந்த மருமகள் அவரை மொபைலில் படம் எடுத்துவிட்டு, "சூப்பர் மாமா! கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு இதையே வச்சுக்கலாம்" என்றாள்.

அவரோ நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முப்பது வருஷத்தில் என் பேச்சுக்கு அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

"இந்த வீட்டுல சாவுப் பேச்சு பேசாத!" என்று அவளிடம் கத்தினேன். உண்மையில் என் வயிறு எரிந்தது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்.

அதன்பின் மாத்திரை கொடுக்கும்போது தவிர அவள் மாமாவிடம் பேசவில்லை. அவரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடும் குறைந்தது. நாலாம் நாள் என்னவென்று கேட்டேன்.

"ஏட்டி, பாக்க வாற எல்லார்கிட்டயும் நீ அழுதுக்கிட்டே இருக்க. நான் பொழைச்சுட்டேன்னு அவ ஒருத்திதான் நம்புதா" என்றார்.

இப்போது நான் யார் முன்னாலும் அழுவதில்லை. மருமகளை நானே கூப்பிட்டு அவரோடு பேசச் சொல்லிவிட்டேன். தினமும் காலையில் அவருக்குத் தலை சீவிவிட்டு, "போஸ்டருக்கு ரெடியா?" என்று நானும் கேட்கிறேன். சிரிக்கிறார். அவள் பேச்சுக்குச் சிரிக்கிற அளவுக்கு இல்லை. நானும் விடுவதாக இல்லை.