தொட்டுப் பார்க்கச் சொன்ன ஸ்டெல்லா

ஒடுகத்தூர் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து சொன்னார்: "ஸ்டெல்லாம்மா தவறிட்டாங்க சார். காலைல ஜெபத்துக்கு உக்காந்தவங்க எழுந்துக்கவே இல்ல."

தொலைநோக்கி பார்க்கக் காவலூருக்கு வருபவர்களுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஓட்டுக் கட்டடத்தில் அறிவியல் அறை தொடங்கினோம். கப்பி, காந்தம், கண்ணாடிகள் என்று கொஞ்சம் சாமான்கள். 'தொடாதீர்கள்' என்று குழுத் தலைவர் அட்டை மாட்டியிருந்தார். ஒடுகத்தூரில் தையல் ஆசிரியையாக இருந்த ஸ்டெல்லா சனிக்கிழமைதோறும் எங்களோடு வந்து நிற்பார். முதல் வாரமே அந்த அட்டையைத் திருப்பி, 'தொடுங்கள், சுற்றுங்கள், கழற்றுங்கள்' என்று எழுதிவிட்டார். தலைவருக்குக் கோபம்.

"பாக்க மட்டுந்தான்னா படமே போதுமே சார். சாமான் எதுக்கு?" என்றார் ஸ்டெல்லா.

அறைக்கு வந்துபோகும் உங்களில் பலருக்குக் காளியம்மாவை நினைவிருக்கும். நெல்லிவாசல்நாட்டிலிருந்து புளி விற்க வந்தவர், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் உள்ளே வந்தார். கையில் எடுத்த நீளக் கண்ணாடி நழுவி உடைந்தது. "அதுக்குப் பதிலா புளி எடுத்துக்கம்மா" என்று ஸ்டெல்லாவிடம் கூடையை நீட்டினார்.

"புளி கெடக்கட்டும், உக்காரு. இந்தத் துண்ட வெச்சி இன்னா பண்ணலாம், சொல்லு?"

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மூன்று துண்டுகளை முக்கோணமாக நூலால் கட்டி, மூங்கில் குழாயில் சொருகினார்கள். ஒரு முனையில் எண்ணெய்த் தாளும் உடைந்த வளையல் துண்டுகளும் வைத்தார்கள். திருப்பத் திருப்ப உள்ளே பூப்பூவாக விரிந்தது.

கண்ணாடி உடைந்ததைக் கேள்விப்பட்ட தலைவர் அடுத்த சனிக்கிழமை அறையைப் பூட்டிவிடப் பூட்டோடு வந்தார். காளியம்மா அவருக்கு முன்பே வந்து, வளையல் துண்டுகளை எடுத்துவிட்டுக் குன்றிமணிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு தபா பாருங்க சாமி" என்று குழாயை நீட்டினார். தலைவர் நின்றபடி திருப்பினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து திருப்பினார். பூட்டைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை.

ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், "இதுல இவங்க என்ன கத்துக்கிறாங்க?" என்று கேட்டார். "தெரிலீங்க. இப்ப போய்க் கேட்டா வெளையாட்ட நிறுத்திடுவாங்க" என்றார் ஸ்டெல்லா.

நான் எதையும் உடனே விளக்கிச் சொல்லிவிடுகிற ஆள். ஒருவர் ஒரு பொருளோடு மல்லுக்கட்டும்போது குறுக்கே போகாமல் நிற்க, ஸ்டெல்லாவின் பக்கத்தில் நின்று நின்றுதான் பழகினேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான். இன்று ஒரு பெண் கப்பியில் கயிற்றைத் தப்பாக மாட்டி, அவிழ்த்து, மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு விளக்கம் வாய்வரை வந்தது. பேசாமல் நின்றேன்.