ரங்காப் பெயருக்கு நேரே

“ரங்காப்புக்கும் ஒரு பொட்டி குடும்மா,” என்றார் டெஹென் மாமா.

“அவர் வரலையே மாமா. கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு மட்டுந்தான்.”

“காய்ச்சல்ல கெடக்கான். தம்பி வீட்டத் தாண்டித்தான் நான் போகணும். வெறுங்கையோட போனா அவன் பொண்டாட்டி என் படகையே கவுத்துடுவா.”

“கையெழுத்து வேணுமே.”

“அவ்ளோதானே? இங்க குடு. அவன் போட்டாலும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். நானே போட்டுடறேன்.”

பின்னால் நின்ற ஒருவர், “அப்படியே செத்துப்போன எங்கப்பனுக்கும் ஒண்ணு போட்டுடு டெஹென். பலகாரம்னா அவருக்கு உசிரு,” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பத்தொன்பதாவது பெயர் ரங்காப். அதற்கு நேரே மாமா கையெழுத்துப் போட்டு, இரண்டு பெட்டிகளையும் வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொன்றிலும் இலையில் சுற்றிய ஒட்டரிசிச் சோறு, மூன்று பலகாரம், மூடி ஒட்டிய ஒரு சிறு கோப்பைத் தண்ணீர்.

மத்தியக் களிமந்தான் மாகாணத்தில் எங்கள் ஆற்றோர ஊர்களில் எந்தக் கூட்டமானாலும் இப்படித்தான். வந்ததற்குக் கையெழுத்து, போகும்போது பெட்டி. வராத உறவுக்காரனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு அவன் பங்கை எடுத்துப் போவார்கள். எடுத்துப் போகாவிட்டால்தான் மனத்தாங்கல் வரும்.

டெஹென் மாமாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அவருடைய அப்பாவும் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் மண்வெட்டியால் வெட்டிய வாய்க்கால் ஒன்று ஆற்றிலிருந்து சதுப்புக்குள் போகிறது. அதன் வாயில் தம்பி ரங்காப்பின் வீடு, சற்று உள்ளே மாமாவின் வீடு. வாய்க்காலின் கடைசியில் ரங்காப்புக்குப் பதினோரு மீன் குட்டைகள் இருந்தன. வெயில் காலத்தில் தண்ணீர் வடியும்போது விரால் எல்லாம் குட்டைகளில் வந்து ஒடுங்கும். அந்த இரண்டு மாத மீன்தான் ரங்காப் குடும்பத்தின் வருடச் சோறு. அதைப் படகில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவது மாமாவின் வேலை.

அந்தக் கூட்டம் வாய்க்காலை அடைப்பது பற்றியது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதாக எங்கள் நாடு உலக மாநாடுகளில் வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கில் ஒரு பெரிய பங்கு எங்கள் காலடியில் இருக்கும் கரிமண், சதுப்பில் காலங்காலமாக மக்கிப் படிந்த இலையும் வேரும். ஈரமாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். வாய்க்கால் வழியே நீர் வடிந்து காய்ந்தால், தீப்பிடிக்காமலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். அதனால் வாய்க்கால்களுக்குக் குறுக்கே அணை போடுகிறார்கள். எத்தனை அணையோ அத்தனை டன் வாயு மிச்சம் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். அணை போடும் அலுவலகத்தில் அந்த அறிக்கையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலையில் நான் இருந்தேன்; கூட்டங்களில் பெட்டி கொடுப்பதும் என் வேலைதான்.

மூன்று மாதம் கழித்து அறிக்கையின் பின்னிணைப்பு என் மேஜைக்கு வந்தது. வாய்க்காலைப் பயன்படுத்துகிறவர்களின் சம்மதம் என்ற தலைப்பின் கீழ் அந்த வருகைத் தாள் இருந்தது. இது வந்ததற்குப் போட்ட கையெழுத்துதானே என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

“வந்தாங்க, கேட்டாங்க, சாப்பிட்டாங்க. யாராவது வேணாம்னாங்களா?” என்றார்.

நான் திரும்பி வந்து நாற்பத்து மூன்று பெயர்களையும் தட்டச்சு செய்தேன்.

அணை எழுந்ததும், யாரைக் கேட்டு அடைத்தீர்கள் என்று ரங்காப் அலுவலகத்துக்கு வந்தார். தாளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது எங்கண்ணன் எழுத்து,” என்றார். ஆனால் அந்த அணையின் டன் கணக்கு தலைநகருக்குப் போய்விட்டிருந்தது; இனி மாற்ற முடியாது என்றார்கள். நான் அடுத்த மேஜையில்தான் இருந்தேன். தட்டச்சைத் தொடர்ந்தேன்.

அவர் நேரே அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை மாமா பிறகு என்னிடம் சொன்னார். ஊர்ச் சேதி சொல்வதுபோல் சொன்னார்.

“எவ்ளோ குடுத்தாங்கன்னு கேட்டான். ஒண்ணும் குடுக்கலடா, உனக்குப் பொட்டி வாங்கத்தான் போட்டேன்னேன். என்னைப் பாத்தா மடையனாத் தெரியுதா, நாலு பலகாரத்துக்கு எவனாவது வாய்க்கால எழுதிக் குடுப்பானான்னான். காசு வாங்கினேன்னு ஒத்துக்கோ, மறுபடி உன் வீட்ல சோறு திங்கறேன்னுட்டுப் போயிட்டான்.”

மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

அணையின் பின்னால் நீர்மட்டம் பார்க்க உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. படகுக்கு வேலை இல்லாமல் போனதால் மாமா சேர்ந்தார். வியாழக்கிழமைதோறும் மண்ணில் புதைத்த குழாய்க்குள் கோலை விட்டு, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறதென்று பார்த்து எனக்குக் கைப்பேசியில் அனுப்புவார். நாற்பதைத் தாண்டக்கூடாது.

அணை அப்போது பலகை அணை. வெயில் காலத்தில் ரங்காப் மேல் பலகைகள் இரண்டைக் கழற்றி வைப்பார். தண்ணீர் கொஞ்சம் வடியும், குட்டைகளில் கொஞ்சம் மீன் சேரும். புதன்கிழமை மாமா போய் அந்தப் பலகைகளை மாட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை மறுபடி கழன்றிருக்கும். இரண்டு பேரும் அணையருகே ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை. ஆனால் ரங்காப் பலகைகளை ஆற்றில் விட்டதில்லை. மாமாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போவார். இப்படியே இரண்டு வெயில் காலம் போனது. எனக்கு வந்த எண்கள் எல்லாம் நாற்பதுக்குள்தான். நான் எதுவும் கேட்டதில்லை.

மூன்றாம் வருடம் பலகை அணையை எடுத்துவிட்டு, இரட்டை மரச்சுவர் வைத்து நடுவில் மண்ணைக் கொட்டி இறுக்கினார்கள். கழற்ற அதில் ஒன்றும் இல்லை. அந்த வெயில் காலத்தில் குட்டைகளில் மீன் ஒடுங்கவில்லை. ரங்காப் குடும்பத்தோடு எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கூலிக்குப் போக முடிவு செய்தார். ஆற்றில் இரண்டு நாள் பயணம்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வியாழக்கிழமை. சரிபார்ப்புக்காக நான் மாமாவோடு போயிருந்தேன். அவர் கோலை எடுத்துப் பார்த்து, “இருபத்தொம்பது,” என்றார். எழுதிக்கொண்டேன். கோலைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

“போன வாரம் தம்பிகிட்ட போனேன். ஆமாடா, காசு வாங்கினேன்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“எவ்ளோன்னான். நான் அதை யோசிக்காமப் போயிட்டேன். முழிச்சேன். உனக்குப் பொய்கூட வரல, போன்னு கதவச் சாத்திட்டான்.”

நான் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்தேன்.

“நீ படிச்ச பொண்ணு, அந்த ஆபீஸ்காரி. நீ சொன்னா நம்புவான். இன்னிக்கு சாயங்காலம் ஒரு நடை போய்ட்டு வா. உங்கண்ணன் காசு வாங்கினார், என் கண்ணால பாத்தேன்னு சொல்லு.”

“நீங்க வாங்கலையே மாமா.”

“காசுக்குன்னா என்னைத் திட்டித் தீத்துட்டுப் போவான். ஒண்ணுமில்லாததுக்குன்னா அவன் என்னத்தச் சொல்லித் திட்டுவான்?” என்றார். பிறகு, “தொகையக் கொஞ்சம் பெரிசாவே சொல்லும்மா,” என்றார்.