ரசீதுக்கு ஒரு ரசீது

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் புகார்ப் பிரிவு அதிகாரி அவர்களே, நீங்கள் புகார்களைப் படிப்பதில்லை.

சந்தேகத்தில் சொல்லவில்லை. என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் நிரூபித்துவிட்டது.

மேற்குக் காற்று அடித்தால், திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு மணலித் தொழிற்சாலைகள் பக்கத்து நாற்றம் வரும். அழுகிய முட்டை நாற்றம். எதிர்வீட்டு மேரிக்கு உடனே வீசிங். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்கிறவர் அவர். மூச்சு இழுத்தால் கூடையைத் தூக்க முடியாது. யாராவது நேரில் வந்து, நாற்றம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்பது.

போன் செய்தால் "மெயில் போடுங்க" என்கிறார்கள். மெயில் போட்டால், பதிவு செய்த குடியிருப்போர் சங்கத்தின் முகவரியிலிருந்து வந்தால்தான் செல்லுமாம். எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர் நான்தான். அதற்காகப் பாஸ்வேர்டைத் தெருவுக்கே கொடுக்க முடியுமா?

லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரை வேலைக்கு வைத்தேன். தெருவுக்கென்று தனியாக ஒரு மெயில் முகவரி. அதில் வருவதைக் கம்ப்யூட்டர் தானாக எடுத்து, சங்கத்தின் முகவரி வழியாகப் புகார்ப் பிரிவுக்கு அனுப்பும்.

மேரி போனில் பேசியே மெயில் எழுதுவார். "சார், இன்னிக்கும் அதே கலீஜ் நாத்தம். மூச்சு வுட முடில. நீயே வந்து மோந்து பாரு சார்." ஓர் எழுத்து மாறாமல் போனது.

பதில் உடனே வந்தது. 'தங்கள் புகார் பெறப்பட்டது. நடவடிக்கை எடுக்கப்படும்.'

"இன்னா பதில் வந்துச்சுன்னு எங்களுக்கும் தெரியணும்லணா?" என்றார் மேரி.

நியாயம்தானே? சங்கத்துக்கு வரும் பதிலும் தெரு முகவரிக்குத் தானாகப் போகும்படி செய்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். தெரு முகவரிக்கு எது வந்தாலும் புகார்ப் பிரிவுக்குப் போகுமே... உங்கள் ரசீது உட்பட! அதையும் புகார் என்று எண்ணி, உங்கள் மெஷின் அதற்கொரு ரசீது அனுப்பியது. என் மெஷின் அதையும் திருப்பி அனுப்பியது. நடவடிக்கை எடுக்கப்படும் – நடவடிக்கை எடுக்கப்படும் – சனி, ஞாயிறு முழுக்க இதேதான். லீவு நாளில் பொதுமக்களுக்காக உழைத்தவர்கள் இவர்கள் இருவர்தான்.

திங்கட்கிழமை போன் வந்தது. முதல்முறையாக ஒரு மனிதக் குரல்.

"சங்கச் செயலாளரா? எங்க இன்பாக்ஸ் ஃபுல் ஆயிடுச்சு சார். ஒரே பேஜாரு!"

"மேரி போட்ட மெயிலைப் படிச்சீங்களா?"

"எல்லாத்துக்கும் ரிப்ளை போயிருக்குமே சார்."

"ரிப்ளை வந்துச்சு. படிச்சது யாரு?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"உங்க ஐடியை பிளாக் பண்ணிட்டோம் சார்." வைத்துவிட்டார்.

மேரியிடம் சொன்னேன். இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார். "நம்ம மூக்கு அடைச்சா எவனும் வர்ல. அவன் பொட்டி அடைச்சா ஒடனே போனு. இன்னா நியாயம்ணா இது?"

என் புரோகிராமில் விட்டுப்போனது ஒரே ஒரு வரி. புகார்ப் பிரிவிலிருந்து வந்ததைப் புகார்ப் பிரிவுக்கே அனுப்பாதே என்று சேர்த்துவிட்டேன். போன் போட்டும் சொல்லிவிட்டேன். பிளாக் இன்னும் நீங்கவில்லை. விவரத்துக்கு மெயில் போட வேண்டுமாம்.

நேற்று மறுபடி மேற்குக் காற்று. பஸ் ஸ்டாப்பில் கூடையை இறக்கிவைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மேரி. மீன் வெயிலில் கிடந்தது. புகார் சொல்லத்தான் வழியில்லை.

அதனால் இந்தப் பத்திரிகையில் கேட்கிறேன். மேரியின் மெயிலைப் படித்த ஒரு மனிதராவது உங்கள் அலுவலகத்தில் உண்டா? உண்டென்றால் அவர் யார், எங்கள் தெருவுக்கு என்றைக்கு வருவார் – எல்லோரும் பார்க்க, இதே பக்கத்தில் பதில் சொல்லுங்கள்.

'பெறப்பட்டது' என்று மட்டும் சொல்லாதீர்கள்.